இலவந்தோப்புக்கு மேற்கே ஒரு புள்ளி

சின்னமனூர்
9 ஜூன் 2025

மாமா,

போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். நேற்றும் அப்படித்தான். ‘பிள்ளையத் தூக்கிட்டு வர்றியா, இல்ல ஒங்கப்பன் வீட்டுக்கே ரேசன் கார்ட மாத்திக்கிறியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தது அம்மாவுக்குத்தான் தெரியும். அதனால் மெயிலில் எழுதுகிறேன். இதையாவது கடைசி வரைக்கும் படியுங்கள்.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு அனுப்புவதாகப் பேச்சு. இப்போது நான்கு முடிந்து ஐந்து நடக்கிறது. ஆடி பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று அத்தை சொல்வதில் தப்பில்லை. பாப்பாவுக்குச் சளி என்றேன், வெயில் என்றேன், நாள் சரியில்லை என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன். எல்லாம் பொய். உண்மை என் வேலையில் இருக்கிறது.

‘லேப்டாப்ல மேப்பு போடுது’ என்று ஊரில் சொல்வீர்களே, அது சரிதான். எங்கள் இணைய நூலகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. இதுவரைக்கும் தலைப்போ எழுதியவர் பேரோ தெரிந்தால்தான் எடுக்கலாம். நம் ஊர்ப் பக்கம் யார் என்ன ஆராய்ந்தார்கள் என்று ஒருவர் தேட நினைத்தால் வழியில்லை. இப்போது வரைபடம் வைத்துத் தேடலாம். விரலால் ஒரு கட்டம் இழுத்தால், அந்தக் கட்டத்துக்குள் நடந்த ஆராய்ச்சியெல்லாம் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். புள்ளியைத் தொட்டால் கட்டுரை திறக்கும். அந்தப் புள்ளி தானாக வராது. கட்டுரையைப் படித்து, எங்கே நடந்தது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக வைக்க ஆள் வேண்டும். தேனி, மதுரைப் பக்கம் என்னுடையது. பாப்பா தூங்குகிற நேரம்தான் எனக்கு ஆபீஸ்.

மேகமலை ஏலக்காய், கம்பம் திராட்சையில் விழும் நோய், பொட்டிப்புரம் மலைப் பாறையைப் பற்றி மட்டும் ஒரு கொத்து என்று வைத்துக்கொண்டே வந்தேன். அப்போது தேவாரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒன்று வந்தது. சில வருடம் முன்னால் எடுத்த கணக்கு. அதில் நம் இலவந்தோப்பு இருக்கிறது. ஓடைக்கு மேற்கே உள்ள கிணறு. நைட்ரேட், இருக்கலாம் என்கிற அளவைப் போல மூன்று மடங்கு.

உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் நிலத்துக்குள் இறங்குவது அது. பெரியவர்கள் குடித்தால் லேசில் ஒன்றும் தெரியாது. கைப்பிள்ளைக்குப் பால் பவுடரில் கலந்து கொடுத்தால் ரத்தம் கெட்டுப்போகும். உடம்பு நீலம் பாயும். உயிருக்கே ஆபத்து. எனக்குப் பால் போதவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாப்பாவுக்குப் பாதிப் பொழுது பவுடர்தான். கேன் தண்ணீர் வாங்கலாம் என்பீர்கள். ஊரே வந்து பிடிக்கிற தண்ணீரை அந்த வீட்டு மருமகள் மட்டும் வேண்டாம் என்று கேன் இறக்கினால், அத்தை முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

போன வெள்ளிக்கிழமை வரைபடத்தை எல்லாருக்கும் திறந்தார்கள். லிங்க் அனுப்பினேன். நீங்களே தொட்டுப் பார்த்து ‘இதென்ன ஹேமா’ என்று கேட்பீர்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் கட்டைவிரல் படம் அனுப்பினீர்கள்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். அதுவரைக்கும் வரமாட்டேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

ஹேமாவதி


இலவந்தோப்பு
11 ஜூன் 2025

ஹேமா,

மெயில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

நான் கட்டைவிரல் மட்டும் அனுப்பவில்லை. அந்த லிங்கை ஊர் வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். ‘எங்க வீட்டம்மா செஞ்ச வேலை’ என்று எழுதியும் போட்டேன். பெருமையாக இருந்தது, போட்டேன். தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்தவன் செல்போன் கடை நாகராஜ். அவன் அதைப் போனிலேயே தமிழாக்கி, டீக்கடையில் வைத்து எல்லாருக்கும் வாசித்திருக்கிறான். நான் போனபோது அவன் கேட்டான், ‘அண்ணே, ஊர்ல இத்தன கெணறு கெடக்க, ஒங்க கெணத்து மேலயே வந்து செவப்பா நிக்கிதேண்ணே. மதினிக்கும் ஒங்களுக்கும் எதுவும் மனத்தாங்கலா?’ சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டீயை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல மோட்டாரைப் போட்டார்கள். ஒரு குடம் வரவில்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிற நாளை எண்ணிவிடலாம் என்பது உனக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்து மோட்டார் அறைக் குழாயில் ஊர் வந்து பிடித்துக்கொண்டு போகும். நாம் காசு கேட்டதில்லை. அன்றைக்குத் தண்ணீர் சும்மா வாய்க்காலில் ஓடியது. அம்மா ரோட்டுக்கே போய் நின்றார்கள். கருத்தம்மாள் குடத்தோடு போனாள்.

‘ஏண்டி கருத்தம்மா, தண்ணிக்கு வரல?’

‘இல்லத்தா, மூட்டு வலி. அம்புட்டுத் தூரம் நடக்க முடியல.’

சொல்லிவிட்டு நம்மைத் தாண்டி இன்னும் தூரமாக, பக்கத்துத் தோட்டத்துக் குருசாமி அண்ணன் கிணற்றுக்கு நடந்து போனாள்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ‘எங்கன இருந்தோ வந்தவ என் வீட்டுத் தண்ணிய விசமுன்னு எழுதிட்டாளேடா’ என்றார்கள். நான் என்ன சொல்வது? எங்கப்பன் குடித்த தண்ணீர். நான் குடித்து வளர்ந்த தண்ணீர். எனக்கு எந்த நீலமும் பாயவில்லை.

அந்தப் புள்ளியை இன்றைக்கே எடு. எடுத்துவிட்டுப் பிள்ளையோடு கிளம்பி வா. மற்றதை இங்கன வந்து பேசிக்கொள்ளலாம்.

விஜய்பாண்டி


சின்னமனூர்
13 ஜூன் 2025

மாமா,

ஊர் குரூப்பில் போட்டீர்கள் என்று படித்தேன். அத்தையிடம் என்ன சொல்ல என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க எழுதாமல் இருந்துவிட்டேன்.

புள்ளியை எடுக்க என்னால் முடியும். ஒரு நொடி வேலை. எடுக்கமாட்டேன். எடுத்தால் நாகராஜுக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது, கிணற்றில் இருப்பது கிணற்றிலேயேதானே இருக்கும்.

ஆனால் இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. கட்டுரையில் கிணற்றுக்காரர் பேர் இல்லை. இடத்தைக் குறிக்கும் எண்களையும் பாதியில் வெட்டித்தான் போட்டிருந்தார்கள். அந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இலவந்தோப்பில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படி வந்தால் புள்ளி வைக்கக் கூடாது, அகலமாக ஒரு வட்டம் போட்டு ‘இடம் தோராயம்’ என்று எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. நான் முதலில் வட்டம்தான் போட்டேன். அப்புறம் கீழே படித்தேன். ‘ஓடைக்கு மேற்கே, மோட்டார் அறை உள்ள, பாசனத்துக்கும் குடிக்கவும் பயன்படும் திறந்த கிணறு.’ படித்ததும் எனக்குக் கண்ணுக்குள் நம் கிணறு வந்துவிட்டது. கல்யாணம் முடிந்து வந்து இறங்கியதும் அந்தக் குழாயில்தானே கால் கழுவினேன். இடம் தெரிந்தவள் என்கிற திமிர். வட்டத்தை அழித்துவிட்டு, மேலிருந்து பார்க்கும் படத்தில் மோட்டார் அறைக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் வைத்தேன். எங்கள் குழுவை நடத்தும் திரிஷா மேடம், ‘இவ்ளோ துல்லியமா வைக்க உள்ளூர்க்காரங்களாலதான் முடியும்’ என்று பாராட்டினார்கள். வைத்து முடித்த பிறகுதான் அந்தப் புள்ளி என்ன சொல்கிறது என்பதே எனக்கு உறைத்தது. பாப்பா பக்கத்தில் பாட்டிலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

விதியை மீறினேனே தவிர, இடத்தில் தப்பில்லை என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். வேறு எந்தக் கிணற்றில் ஊர் குடிக்கிறது?

இங்கே யாருக்கும் நிம்மதி இல்லை. அப்பா கேலி செய்கிறார்கள். ‘புருசன் வீட்டுக் கெணத்து மேல பெட்டிசன் போட்ட மொத மருமக நீதாத்தா’ என்கிறார்கள். அம்மா அதைக் கேட்டு அழுகிறார்கள். நான் பாப்பாவின் நகத்தை ஜன்னல் பக்கம் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். இங்கேயும் தண்ணீர் இருக்கிறதே, இதை யார் சோதித்தார்கள் என்று ஒரு யோசனை வந்துவிட்டது. தூக்கம் போய்விட்டது.

தேனியில் தண்ணீர் சோதிக்கும் இடம் இருக்கிறது. புது பாட்டிலை நம் கிணற்றுத் தண்ணீரிலேயே நன்றாகக் கழுவிவிட்டு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள். நைட்ரேட் பார்க்க வேண்டும் என்று சொல்லியே கொடுங்கள். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். கிருமிதான் காய்ச்சினால் சாகும். இது சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

ஹேமாவதி


இலவந்தோப்பு
18 ஜூன் 2025

ஹேமா,

கொடுத்தேன். வாங்கியும் வந்துவிட்டேன். படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார். நம் கிணறு நல்ல கிணறு. நைட்ரேட் இருக்கலாம் என்கிற அளவில் பாதிகூட இல்லை. ‘ஏன் சார், யாரு ஒங்களப் பயமுறுத்துனது’ என்று அங்கன இருந்தவர் கேட்டார். என் பெண்டாட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்றேன்.

இனி என்ன சொல்லுவாய்?

அந்தத் தாளை லேமினேட் பண்ணி மோட்டார் அறைக் கதவில் ஒட்டினேன். பார்க்கத்தான் ஆள் இல்லை. கருத்தம்மாள் மட்டும் நின்று பார்த்துவிட்டு, ‘இது ஒங்க வீட்டுத் தாளு. அது ஊரு ஒலகத்துக்குப் போட்ட தாளு’ என்று போய்விட்டாள். காசு கொடுத்து எழுதி வாங்கினேன் என்று டீக்கடையில் பேச்சாம். எல்லாக் குடமும் இப்போது குருசாமி அண்ணன் கிணற்றில்தான். அவருக்குக் கை நிறைய வேலை. காலையிலும் சாயங்காலமும் மோட்டார் போடுகிறார், வரிசை போடச் சொல்லிச் சத்தம் போடுகிறார், சட்டைகூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். பொங்கலுக்குத்தான் எங்களுக்குள் பேச்சு வார்த்தை வந்தது. வரப்புத் தகராறில் ரெண்டு வீட்டுக்கும் எத்தனை வருடம் பேச்சில்லாமல் இருந்தது என்று உனக்கே தெரியும்.

சின்னக்கருப்பு பெண்டாட்டி ராஜாத்தியும் அங்கேதான் போகிறாள். நம் தெருக் கடைசி வீடு, லோடு ஆட்டோ ஓட்டுகிறானே, அவன்தான். அவளுக்குப் பையன் பிறந்து ரெண்டு மாதம் ஆகப்போகிறது. உன்னைப் போலத்தான், பால் இல்லை, பவுடர். உன்னைப் போலப் பயந்த பிள்ளையும்கூட. ‘ஒங்க தண்ணியில என்னமோ இருக்காம்லண்ணே, அதான் வரல, தப்பா நெனைக்காதீக’ என்று என்னிடமே சொன்னாள். குருசாமி அண்ணன் கிணற்றுத் தண்ணீரையும் பிள்ளைக்கு அப்படியே கொடுப்பதில்லையாம். ‘பாதியா வத்துற வரைக்கும் காச்சுறேண்ணே’ என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. பிள்ளைத்துணியைக் கட்டி வை. உன் புள்ளியை அதற்கு முன்னால் எடுத்து வை.

விஜய்பாண்டி


சின்னமனூர்
18 ஜூன் 2025, இரவு

மாமா,

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் கிணறு நல்ல கிணறுதான். நான் வைத்த இடம் தப்பு. அத்தைக்கு நான் செய்தது பெரிய தப்பு. அதை அவர்கள் முன்னால் வந்து சொல்கிறேன்.

ஆனால் உங்கள் மெயிலை மறுபடி படியுங்கள். அந்த மூன்று மடங்கை யாரும் உட்கார்ந்து கற்பனையாக எழுதவில்லை. ஓடைக்கு மேற்கே, மோட்டார் அறையோடு, இலவந்தோப்பில் ஒரு கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அது நம்முடையது இல்லையென்றால் யாருடையது? ஓடைக்கு மேற்கே மோட்டார் அறையோடு இருப்பது இரண்டுதானே, இன்னொன்று குருசாமி அண்ணனுடையது. சுற்றிலும் வாழை. மேட்டில் அவர்கள் மாட்டுக் கொட்டம். மழை பெய்தால் கொட்டத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

நான் நம் கிணற்றின் மேல் புள்ளி வைத்து, ஊரை அந்தக் கிணற்றுக்கு அனுப்பியிருக்கிறேன் மாமா.

ராஜாத்தியிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள். விடிகிற வரைக்கும் இருக்க வேண்டாம். அவள் பாதியாக வற்றக் காய்ச்சுகிறாள் என்றால் இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறாள். பிள்ளையின் உதட்டையும் நகத்தையும் பாருங்கள். பால் பவுடரை நம் தண்ணீரில் கலக்கச் சொல்லுங்கள், இல்லை கேன் வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு இதற்கு மேல் டைப் பண்ண முடியவில்லை. போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்கவில்லையா, தூங்கிவிட்டீர்களா தெரியவில்லை. மெயிலையாவது பாருங்கள்.

ஹேமா


இலவந்தோப்பு
20 ஜூன் 2025

ஹேமா,

மெயிலை நேற்றுக் காலையில்தான் பார்த்தேன். பார்த்ததும் போனேன். சின்னக்கருப்பு வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். துணியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

‘ஏலே விஜயா, ஒங்கெணத்துல ஈ ஓட்டுறேன்னு அவுக கெணத்துல மண்ண அள்ளிப் போடுறியா?’

‘பிள்ளைக்கு ஆகாதுடா. ஹேமா படிச்சுப் பாத்துச் சொல்லுது.’

‘அதே ஹேமாதான ஒங்கெணத்தையும் சொல்லுச்சு? அது பொய்யின்னு நீயே தாள் ஒட்டியிருக்க. அப்ப இது மட்டும் எப்பிடி நெசமாகும்?’

நம் தாளை வைத்தே நம்மை மடக்கிவிட்டான். கேன் தண்ணீர் வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் அது உடைக்காமல் நம் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது.

குருசாமி அண்ணனிடம் நான் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் வரப்புச் சண்டை மறுபடி முதலிலிருந்து வரும். ஊரில் யாரிடம் சொன்னாலும், குடத்தை நம் பக்கம் இழுக்கச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

ராஜாத்தி பிள்ளையை ஒரு எட்டுப் போய்ப் பார்த்தேன். வாயைச் சுற்றி ஒரு மாதிரி கருத்து இருக்கிறது. ‘அவுகய்யா கலரு’ என்று சிரிக்கிறாள். அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் சின்னக்கருப்பு கையை ஓங்குகிறான்.

இன்றைக்கு வேன் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எனக்கு வர மனம் ஒப்பவில்லை. நீயே வா. இது நம் வீட்டுக்கு வருவது பற்றி இல்லை, அதை அப்புறம் பார்க்கலாம். புள்ளி நீ போட்டது. நீ வந்து சொன்னால்தான் எடுபடும். அம்மாவிடம் சொன்னேன். ‘வந்தா வரட்டும், வாசல்ல வச்சு ஆரத்தி எடுப்பேன், எம்பேத்தி. ஆனா அவகிட்டப் பேசமாட்டேன்’ என்றார்கள்.

விஜய்பாண்டி


இலவந்தோப்பு
22 ஜூன் 2025

மாமா,

போனில் கேட்டால் பக்கத்தில் ராஜாத்தி இருப்பாள், நீங்கள் ‘ம்’, ‘சரி’ என்றுதான் சொல்வீர்கள். அதனால் எழுதுகிறேன். டாக்டர் என்ன சொன்னார்கள் என்று நீங்களும் எழுதுங்கள்.

நேற்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவையும் பின்னால் வரச்சொல்லி, நம் வீட்டைத் தாண்டி நேராக ராஜாத்தி வீட்டுக்குப் போய்விட்டேன். அத்தை தட்டோடு வாசலில் நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் நிற்கவில்லை. நின்று ஆரத்தி எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நேரம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ராஜாத்தியிடம் கட்டுரை, புள்ளி எதையும் சொல்லவில்லை. பாப்பாவின் கையையும் அவள் பையன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் நகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அவளே ‘ஏங்க, அண்ணன வேன எடுக்கச் சொல்லுங்க’ என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். அதற்குப் பிறகு நீங்கள் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் உங்களுக்குத் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது அத்தை அதே இடத்தில் நின்றிருந்தார்கள். பாப்பாவை என் கையிலிருந்து வாங்கி, அப்பாவிடம் கொடுத்து, பாப்பாவுக்கு மட்டும் சுற்றிக் கொட்டினார்கள். எனக்குச் சுற்றவில்லை. நான் பின்னாலேயே உள்ளே போனேன்.

சாயங்காலம் குருசாமி அண்ணன் கிணற்றுக்குப் போனேன். குடம் வரிசையாக இருந்தது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது.

‘படத்துல கெணத்தத் தப்பா வச்சது நான்தான். எந்தக் கெணறுன்னு அவுக எழுதல, நானா நெனச்சு வச்சேன். எங்க கெணத்தச் சோதிச்சாச்சு. இத இன்னும் சோதிக்கல. அதுவரைக்கும் கைப்பிள்ளைக்கு மட்டும் இதுல பால் கலக்காதீக. காச்சுனாலும் வேணாம்.’

கருத்தம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார்கள். ‘போன வாரம் அந்தக் கெணறு. இந்த வாரம் இந்தக் கெணறு. அடுத்த வாரம் எது தாயி, எங்க வீட்டு அண்டாவா?’

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்கத் தோன்றியது, அவர்கள் கேட்டது நியாயம்தானே. குருசாமி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

‘ஒம்மாமியா சொல்லிவிட்டாளா?’

‘இல்ல. அவுக எங்கூடப் பேசுறதே இல்ல.’

யாரோ ‘அது நெசந்தான்’ என்றார்கள். அதற்கப்புறம்தான் கொஞ்சம் காது கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

‘நீ சொல்றது தண்ணியில கண்ணுக்குத் தெரியுமா?’

‘தெரியாது.’

‘வாயில?’

‘தெரியாது.’

‘பெறகு எப்பிடித்தா நான் நம்ப?’

ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள், தேனிக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். ‘நீ கொண்டு போனா நீ எதையும் கலப்ப’ என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் அறையைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸுக்கு அவரே தண்ணீரோடு தேனிக்கு வருகிறாராம். கோபத்தில் வருகிறாரா, பயத்தில் வருகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திரிஷா மேடத்துக்கு எழுதிவிட்டேன். நம் கிணற்றின் மேலிருந்த புள்ளியை எடுத்து, ஊர் முழுக்க வட்டமாக்கி, ‘கிணறு உறுதியாகவில்லை’ என்று போட்டாகிவிட்டது. முதலிலேயே இப்படிப் போட்டிருக்க வேண்டும். மேடம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மற்ற ஊர்களில் நான் வைத்த புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கிணற்றில், எத்தனை தோட்டத்தில் இப்படி வைத்திருக்கிறேனோ.

அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுதுங்கள். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

ஹேமா


தேனி
24 ஜூன் 2025

ஹேமா,

பிழைத்துக்கொண்டான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வந்த அன்றைக்கு ஊசியில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பி டிக்காஷன் மாதிரி இருந்தது. சின்னக்கருப்பு அதைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நீலம் பாய்ந்த பிள்ளைக்கு நீலக் கலரிலேயே ஒரு மருந்தை ஏற்றினார்கள். எனக்கு என்னவோ விபரீதமாகத்தான் பட்டது, ஆனால் கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்து, அப்புறம் சிவந்தது. இப்போது ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுகிறான். இன்னும் ரெண்டு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள்.

‘நான் நல்லாத்தான காச்சுனேன்’ என்று ராஜாத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்து நீ எழுதியதைத்தான் சொன்னார்கள்.

குருசாமி அண்ணன் நேற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு இங்கேயும் வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். இன்றைக்குத் தாளை வாங்கி என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மூன்று மடங்குக்கும் மேல். வாசித்தேன். ‘ஊரு பூராம் என் வாசலுக்கு வந்துச்சேன்னு சந்தோசமா இருந்தேண்டா விஜயா’ என்றார். அறைச் சாவியை எடுத்து நீட்டினார், எனக்கு எதற்கு என்று கேட்டேன், ‘நானே தெறந்துருவேன், நீ வச்சுக்க’ என்றார். வாங்கிக்கொண்டேன். குடிக்க வேண்டாம், வாழைக்குப் பாயட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கொட்டத்தை என்ன செய்வது என்று ஊருக்கு வந்துதான் பேச வேண்டும்.

நம் மோட்டாரைக் காலையில் போடு. யார் வந்தாலும் பழசை எதுவும் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். பேசமாட்டார்கள், ஆனால் நீ சொன்னால் காதில் விழும்.

இன்னொன்று. டாக்டரம்மா இதைக் கட்டுரையாக எழுத வேண்டும் என்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை நாள் குடித்தான் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பேர் போடமாட்டோம், ஊர் மட்டும் என்றார்கள். சின்னக்கருப்பு தலையாட்டிவிட்டான். ராஜாத்தி அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

‘அண்ணே, இவுக எழுதுறது கடைசில மதினி கைக்குத்தான வரும்?’

‘வரலாம்.’

‘எம்பிள்ளையப் படத்துல வச்சிர வேணாம்னு சொல்லுங்கண்ணே. ஊருல இருக்கிறதே நாலு தெரு. பேரு இல்லாட்டியும் எவன்னு தெரியாதா? நாளைக்கு அவன் பள்ளிக்கூடம் போவான், பொண்ணு கேட்டுப் போவான். எவனாவது தொட்டுப் பாப்பான்.’

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். எழுதினால்தானே வேறு ஊரில் இன்னொருத்தி பார்ப்பாள், அவள் பிள்ளை பிழைக்கும் என்பாய். அதுவும் சரிதான். ஆனால் அவள் கேட்கும்போது பிள்ளையின் ரெண்டு பாதத்தையும் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். உன்னைக் கேட்காமலேயே, வைக்கமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

விஜய்பாண்டி